முப்பதாவது கமா

எங்கள் அலுவலகத்தில் அவரைக் 'காலண்டர்' என்றுதான் கூப்பிடுவோம். பல் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நோயாளிக்கு எந்தத் தேதி கொடுக்கலாம் என்று திரையில் காட்டும் சின்னக் காலண்டர் அவர் கைவேலை. அதற்கு இருந்தது ஒரே கட்டளை, 'காட்டு'. சொன்னால் மாதத்தைக் காட்டும்.

யார் எதைக் கேட்டாலும் மனுஷருக்கு மறுக்க வாய் வராது. ஞாயிறு சிவப்பாக வேண்டும் என்றார் ஒரு டாக்டர். "அதுக்கென்ன, 'காட்டு'க்குப் பின்னால ஒரு இடம் வெச்சுடறேன். வேணும்னா நிரப்புங்க, வேண்டாம்னா விட்டுடுங்க." ஒன்பது வருஷத்தில் அப்படி முப்பத்தொரு இடங்கள் சேர்ந்துவிட்டன. வீட்டிலும் அதே பேச்சுதான். சோறு போடவா என்றால், "வேணும்னா." ஒருநாள் மனைவி, "என்னைக் கட்டிக்கிட்டதும் வேணும்னாதானா?" என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, "இல்ல, அது கட்டாயம்" என்றார்.

ஓர் இடத்தை அடுத்ததிலிருந்து பிரிப்பது ஒரு கமா. அதனால் கடைசி இடத்தை மட்டும் நிரப்ப, மற்றதையெல்லாம் காலியாக விட்டு முப்பது கமா போட வேண்டும். நாங்கள் விரல் விட்டு எண்ணுவோம். புதிதாகச் சேர்ந்த பெண் எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ தும்ம, ஒரு கமா விட்டுப்போயிற்று. கடைசி இடத்துக்கான 'ஆமாம்' முப்பதாவது இடத்தில் போய் விழுந்தது. அது எங்கள் மேனேஜர் தன் வசதிக்காகக் கேட்டு வாங்கிய இடம்: விடுமுறை நாட்களை மட்டும் காட்டு.

திரை காட்டிய தேதியை நம்பி, அந்த ஞாயிறு ஓர் ஊரில் பூட்டிய ஆஸ்பத்திரி வாசலில் வீங்கிய கன்னங்களோடு நூற்றிருபது பேர். பெரிய டாக்டர் ஈரத்தலையோடு ஓடி வந்து கதவைத் திறந்தாராம்.

திங்கட்கிழமை அந்தப் பெண், "தப்பு என்னோடதுதான் சார். ஒரு கமா சேர்த்தா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய டாக்டரின் போன் வந்தது.

"அதுல கை வைக்காதீங்க. லீவு போடாம பல்லு புடுங்கிக்கலாம்னு ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு. என் மாமியார் பேரை அடிச்சா மட்டும் எந்த நாளும் காட்டக் கூடாது."

"அதுக்கென்ன" என்றார் காலண்டர்.

முப்பத்திரண்டாவது இடம். அந்தப் பெண் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சார், இனிமே எண்ண வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேர் வெப்போம். வேணுங்கிறவங்க பேரைச் சொல்லி நிரப்பட்டும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. மத்தியானத்துக்குப் பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சரி, முதல்ல 'மாமியார்'னு எழுது" என்றார்.

இரண்டு வாரம் பெயர் சூட்டினார்கள். பதினேழாவது இடம் எதற்கென்று மட்டும் அவருக்கே ஞாபகமில்லை. எடுத்துப் பார்த்தார்கள், பிப்ரவரி காணாமல் போயிற்று. மறுபடி வைத்து, அதற்குத் 'தெரியாது' என்றே பெயர் வைத்தார்கள். ஞாயிறு வேலை நாளாகிவிட்டதால், ஆஸ்பத்திரிக்கு இப்போது திங்களும் செவ்வாயும் விடுமுறை.