ரசமட்டத்தின் நாலு நட்சத்திரம்

டைல்ஸ் பதிக்கிற வேலைக்கு இருபத்தேழு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு வேலைத்தளத்தில் வைத்திருக்கும் பெயர் ரசமட்டம். தரையும் சுவரும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டட வேலைக்காரர்கள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, நடுவில் குமிழி ஓடுமே, அதற்குத்தான் ரசமட்டம் என்று பெயர். இவருக்கு அந்தக் கட்டையே தேவையில்லை. கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்து, "இடது ஓரம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். நம்பாமல் கட்டையை வைத்துப் பார்த்தால், சொல்லிவைத்தாற்போல் ஒரு நூல்தான், அதாவது அரைக்கால் அங்குலம்தான், இறங்கியிருக்கும்.

இதை வரம் என்று நினைக்கிறவர்கள் அவரோடு ஒரு நாள் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கேட்டது மேஜைக்கு வருவதற்குள் எழுந்து போய்ச் சுவரில் தொங்கும் படங்களையெல்லாம் நேராக்கிவிட்டு வருவார். "உங்க வாயாவது சும்மா இருக்கும், கை இருக்காது" என்பாள் மனைவி. அவள் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஊர்க் கோணலையெல்லாம் நிமிர்த்திய மனிதரின் வாயில் மேல்வரிசைப் பற்கள் மட்டும் பஸ் ஏற முண்டியடிக்கிற கூட்டம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நாற்பத்தாறு வயது வரை அது அவரை உறுத்தவே இல்லை. அச்சடித்தாற்போல் அதே வரிசை மகளின் வாயிலும் முளைத்தபோதுதான் உறுத்தியது. கொடுத்ததுதான் கொடுத்தோம், வேறு எதையாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டார்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்றார். மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே ஒருத்திக்குக் 'கம்பி கேட்' என்று பெயர் வைத்து அழ வைத்திருக்கிறார்கள். கெஞ்சினார், அதட்டினார், செல்போன் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். கடைசியில் அவரை ஓட வைப்பதற்காகவே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்களும் போட்டுக்குங்க. அப்போ நானும் போட்டுக்கறேன்."

"சரி" என்றார் அவர். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கிளினிக்கின் கூடத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை உண்டு. அதற்கு அதிகாரி அங்கே வேலை பார்க்கும் நர்ஸ். பிள்ளைகளுக்கு அவர் ஸ்டார் அக்கா. கிளிப் போட்டவர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் சொல்ல வேண்டும். அதைப் பலகையில் எழுதி எதிரே ஆறு கட்டம் போடுவார். மாதம் ஒருமுறை வரும்போது பல் சுத்தமாக இருந்து, கொக்கிகளில் மாட்டும் ரப்பர் வளையத்தை ஒழுங்காக மாட்டியிருந்து, எதுவும் உடையாமலும் இருந்தால் ஒரு கட்டத்தில் தங்கக் காகித நட்சத்திரம் ஒட்டப்படும். ஆறும் சேர்ந்தால் கண்ணாடி அலமாரியைத் திறந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். உடைந்தால் வரிசை முழுக்க அழியும். மின்னல், புலிக்குட்டி, பூனை என்ற பெயர்களுக்குக் கீழே மகள் 'வால்' என்று எழுதச் சொன்னாள். அதற்கும் கீழே 'ரசமட்டம்' ஏறியது.

பலகையைப் பார்த்ததும் மகளுக்கு இரண்டாவது நிபந்தனை தோன்றிவிட்டது.

"உங்க வரிசை ஒரே ஒரு தடவை அழிஞ்சாலும் நான் கழட்டிடுவேன். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்போ பேச்சு மாறினேன்?" என்றார் அப்பா. மாறினதில்லை, அதுதான் வில்லங்கம்.

பற்களின் மேல் சின்னச் சின்னச் சதுரங்களை ஒட்டி, அவற்றின் ஊடே கம்பியை ஓட்டினார் டாக்டரம்மா. பிராக்கெட் என்றார். ரசமட்டத்துக்கு அது 'கல்'. ஒட்டுகிற எதுவும் அவருக்குக் கல்தான். முதல் நாளே டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"மேடம், பதிச்ச கல்லை நகர்த்தணும்னா நாங்க உடைச்சுத்தான் எடுப்போம். இது எப்படி உடையாம நகரும்?"

"கம்பி லேசா அழுத்திக்கிட்டே இருக்கும். பல்லுக்கு முன்னாடி இருக்கிற எலும்பு கரைஞ்சு வழிவிடும். பின்னாடி புது எலும்பு வளர்ந்து இடத்தை அடைச்சிரும்."

சந்து அடைக்கிற வேலையை எலும்பே பார்த்துக்கொள்கிறதா? அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அவர் தொழிலில் அடி மேல் அடி வைத்தால் கல் இரண்டாகப் போகும். இங்கேயோ தலைமுடியை விடக் கொஞ்சம் தடித்த கம்பி, நாற்பது வருஷமாக வேர்பிடித்து நின்றதைச் சத்தமில்லாமல் நகர்த்துகிறது. அன்றிலிருந்து காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். வேலைத்தளத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, உதட்டைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் பயந்து விலகினார்கள்.

நட்சத்திரங்களும் ஏறின. முதல் மாதம் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, நாலு. மகளுக்கும் நாலு. நூற்றுக்கணக்கான வீடுகளில் தரை போட்டிருக்கிறார். ஒரு வீட்டிலும் அவர் பெயர் இல்லை. இந்தப் பலகையில் இருந்தது, பட்டப்பெயர்தான் என்றாலும். ஸ்டார் அக்கா கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் இவரே போய் நகத்தால் நேராக்குவார். பூனையின் நட்சத்திரத்தையும் நேராக்குவார்.

நாலாவது நட்சத்திரம் வாங்கி ஒரு வாரத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது. கல்லுக்குக் கல் இடைவெளி விட நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் கூட்டல்குறிகளை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வது அவருடைய பழைய பழக்கம். ஒன்றைக் கடித்தார். டக். முன்பல்லுக்குப் பக்கத்தில், பாதி திறந்த கதவுபோல் திரும்பி நின்ற பல்லின் பிராக்கெட் விட்டுவிட்டது. கம்பியில் பாசிமணி மாதிரி ஊசலாடியது.

நாலு நட்சத்திரம் போனது கூடப் பெரிதில்லை. மகள் கழட்டிவிடுவாளே. வாழ்நாள் முழுக்க அவள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை குளியலறையில், செல்போன் வெளிச்சத்தில், கண்ணாடியைப் பார்த்துத் தன் கைப்படவே அதை ஒட்டினார். விழுந்த கல்லை ஒட்டத் தெரியாதவரா அவர்? நொடியில் பிடிக்கும் பசை. பல் திரும்பி நின்றதால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்தது. சுவரில் பள்ளத்தைக் கலவையால் நிரப்புகிற மாதிரிப் பசையால் நிரப்பி, கம்பிக்கு மட்டமாக, ஒரு நூல் பிசகாமல் நிறுத்தினார். ஈறு வெந்து எரிந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளவும் வழியில்லை, பல்லில்தானே சங்கதி.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு பக்கமாகவே மென்றார். ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதல். முன்பெல்லாம் நாலு தடவை சொன்னால்தான் மகள் ரப்பர் வளையத்தை மாட்டுவாள். இப்போது யாரும் சொல்லாமலே மாட்டிக்கொண்டாள். எல்லாம் நட்சத்திரத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது முறை போனபோது டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்து நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"மத்த பல்லெல்லாம் நல்லா நகர்ந்திருக்கு. இது ஒண்ணு மட்டும் போன மாசம் நின்ன இடத்துலயே நிக்குது." கையிலிருந்த கருவியின் முனையால் சுரண்டினார். "இது நான் வெச்ச பசை இல்லையே. யார் ஒட்டினது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குத் தேவையான நேரத்தில் அது வராது. "நான்தான் மேடம்" என்றார்.

டாக்டரம்மா திட்டினார். ஈறு என்ன ஆகியிருக்கும் தெரியுமா, அந்தப் பசை வாய்க்குள் போகலாமா என்று நன்றாகவே திட்டினார். பிறகு விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியைப் பார்த்து, இடம் வலம் மாறித் தெரியறப்போ, இவ்வளவு நேரா எப்படி ஒட்டினீங்க? எனக்கே இது வராது. ஆனா அதான் தப்பு."

"நேரா ஒட்டினது தப்பா?"

"கோணல் பல்லுல கோணலாத்தான் ஒட்டணும். அப்போதான் கம்பிக்கு இழுக்கிறதுக்கு ஒரு வேலை இருக்கும். நீங்க மட்டம் பார்த்து ஒட்டிட்டீங்க. சரி, எல்லாம் நேராத்தானே இருக்குன்னு கம்பி சும்மா இருந்துருச்சு."

இருபத்தேழு வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே அதை மனசுக்குள் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். அவர் அறிந்த மட்டத்துக்கெல்லாம் மேலே வேறொரு மட்டம் இருந்திருக்கிறது. வெட்கத்தைக்கூட மறந்து பிரமித்துப்போனார்.

டாக்டரம்மா பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். கோணலாக. கூடத்துக்கு வந்தார்கள். ஸ்டார் அக்கா பாவமாகப் பார்த்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணா."

"நீங்க விடுங்கம்மா, நானே எடுக்கறேன்." ஓரம் கிழியாமல் நாலு நட்சத்திரத்தையும் நகத்தால் முழுசாக உரித்து ஸ்டார் அக்கா கையில் கொடுத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"வாக்கு வாக்குதான் கண்ணு. நீ கழட்டிக்கலாம். நான் மேடம்கிட்ட சொல்லிடறேன்."

மகள் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க ஒட்டினது எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. பாத்ரூம் கதவு சரியாச் சாத்தல."

"மூணு வாரமா தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா கழட்டணுமே."

மூன்று வாரமாக யாரும் எதுவும் அவளை இழுத்துப் பிடிக்கவில்லை. தானாக நகர்ந்து வந்து நிற்கிறாள். எலும்பு கரைந்து வழிவிடுவதைக் கேட்ட நாளில்கூட அவருக்கு இவ்வளவு சிலிர்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கு அடைத்திருப்பதாகச் சொன்னார்.

மகள் ஸ்டார் அக்காவிடம் தன் ஐந்தாவது நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கினாள். எட்டிப் பிடித்துக் கட்டத்தில் தானே ஒட்டினாள். நன்றாகச் சாய்ந்திருந்தது, குறைந்தது இரண்டு நூல். ரசமட்டத்தின் கை தானாக மேலே போனது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையை அவர் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"போலாமாப்பா?" என்றாள் மகள்.

"போலாம்" என்றார். வாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டு வந்தார்.