பஸ் ஜன்னலில் பறந்த முறம்

போன வாரம் எதிர்வீட்டில் கல்யாணத்துக்குப் புது முறம் வாங்கி வந்தார்கள். பச்சை மூங்கில் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆகாய விமானம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஐம்பதுகளில் என் வீட்டுக்காரர் பெங்களூரில் விமானம் கட்டும் தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஓசூர் வருவார், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். வாய்ப் பரீட்சை ஒன்றில் தேறினால் வேலை உயரும், அங்கேயே குவார்ட்டர்ஸ் கிடைக்கும். தேறாவிட்டால் நான் மாமியாரோடு இங்கேயேதான். கல்யாணமான புதிது. அந்தப் பரீட்சையில் அவரைவிட எனக்குத்தான் அக்கறை அதிகம்.

காற்று இறக்கையைத் தூக்கினால் லிஃப்ட், பின்னுக்கு இழுத்தால் டிராக். பாடம் இவ்வளவுதான். ஆனால் எப்படித் தூக்குகிறது? ஒரு சனிக்கிழமை இரவு அவர் காகிதத் துண்டை உதட்டருகே பிடித்து மேல்பக்கமாக ஊதினார். தொங்கிய காகிதம் எழும்பியது. நான் வாங்கிக் கீழ்ப்பக்கமாக ஊதினேன். அப்போதும் எழும்பியது.

"ஏங்க, மேல ஊதினாலும் ஏறுது, கீழ ஊதினாலும் ஏறுது. எதுங்க சரி?"

"அதான் புள்ள எனக்கும் புரியல."

விளங்கினாற்போலத்தான்!

அந்த ஞாயிறு தேன்கனிக்கோட்டையில் ஒரு முறம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். அந்தக் காலத்துப் பஸ் ஜன்னலுக்குக் கம்பி ஏது, மழைக்கு ஒரு படுதா மட்டும்தான். திடீரென்று, "அதை வெளிய நீட்டிப் பாரு" என்றார். தட்டையாக நீட்டினேன், சும்மா இருந்தது. நிமிர்த்திப் பிடித்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல் பின்னால் இழுத்தது. "அது டிராக்!" முன்விளிம்பை மட்டும் லேசாகத் தூக்கினேன். கையைப் பிடுங்கிக்கொண்டு கூரைக்கு மேலே போய்விட்டது முறம். "லிஃப்ட்டு! பாத்தியா, லிஃப்ட்டு!" என்று அவர் குதிக்கிறார். "கை ஒளகே இட்கோம்மா!" என்று, கையை உள்ளே வைக்கச் சொல்லி, கண்டக்டர் கன்னடத்தில் கத்துகிறார். மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் அழுகிறேன்.

பரீட்சையில் மனுஷர் அந்த முறத்தையே சொல்லியிருக்கிறார். "தூக்கினது மேல்காத்தா, கீழ்காத்தா?" என்று கேட்டாராம் அதிகாரி. "ரெண்டும்தாங்க" என்றாராம் இவர். ஒன்றைச் சொல் என்றதும் முழித்துக்கொண்டு நின்றுவிட்டார். குவார்ட்டர்ஸ் போயிற்று. அந்த முறத்தை நான் சபிக்காத நாளில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் வாரம் முழுக்க வீட்டில் இருந்தார்.

விமானப் படிப்பு படிக்கும் என் அண்ணன் பேத்தியிடம், எதிர்வீட்டு முறத்தைப் பார்த்த அன்றே கேட்டுவிட்டேன். "ரெண்டும்தான் பாட்டி. மேல அழுத்தம் கொறையும், கீழ கூடும்" என்றாள். ஏன் குறைகிறது, ஏன் கூடுகிறது என்று படம் போட்டும் காட்டினாள். எனக்கு இன்னும் குழப்பம்தான். அவர் சொன்னது சரி என்பது மட்டும் விளங்கியது.

ஓசூர் பஸ்கள் சிலவற்றில் இப்போது ஜன்னலைத் திறக்கவே முடிவதில்லை. "நீங்க சொன்னதுதாங்க சரி" என்று சொல்லலாம் என்றால், சனிக்கிழமை வந்து கதவைத் தட்ட அவரும் இல்லை.