குழாய்க்குப் போடும் சிவப்பு உறை

அந்த உறை என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். தடித்த துணி. நுனியில் ஒரு முழத்துக்குச் சிவப்பு நாடா. விமானத்தின் மூக்கருகே விரல் கனத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது அதற்குள் காற்று போகும், அதை வைத்துத்தான் வேகம் எவ்வளவு என்று உள்ளே காட்டும். விமானம் நிற்கும்போது குழாய்க்கு உறை போட்டுவிட வேண்டும். திறந்து கிடந்தால் குளவி மண் கொண்டுவந்து அடைத்துவிடும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். உறையை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. இன்று காலையும் மாட்டினேன்.

மைசூருக்கு வெளியே இருக்கிற ஹேங்கரில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தவள் நான். ஏழாவதோடு படிப்பு நின்றது. முதலாளிமார்களின் சொந்த விமானங்கள் அங்கே பழுதுபார்க்க வரும். டெக்னீஷியன் தம்பி கொள்ளேகால்காரர். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. அதை அவராகச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

தினமும் நீளக் குச்சியால் குளவிக்கூடுகளைத் தட்டிவிடுவதும் என் பொறுப்பு. ஒரு நாள் உத்தரத்தில் புதுக்கூடு ஒன்று இருந்தது. குச்சியைத் தூக்கினேன். தம்பி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இது ஒண்ண மட்டும் உட்ருங்க."

"மேனேஜர் பாத்தா என்னத்தான் திட்டுவாரு தம்பி."

"ஊட்ல சொல்லிப்புட்டேனுங்க. தெனமும் போன்ல கேக்கறா, கூடு இருக்குதான்னு."

குளவி கூடு கட்டினால் குழந்தை வரும் என்று அவர்கள் பக்கம் நம்புவார்கள். அப்போது அவர் மனைவிக்கு மூன்று மாதம். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், இதெல்லாம் பார்ப்பதில்லை. ஆனாலும் குச்சியை இறக்கிவிட்டேன்.

அந்தச் சமயம் எட்டுப் பேர் உட்காரும் விமானம் ஒன்று வந்திருந்தது. அதன் முதலாளி அதை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்க நினைத்தார். நல்ல விலைக்குப் போகட்டும் என்று பழைய வட்ட மீட்டர்களை எடுத்துவிட்டுப் புதுக் கம்ப்யூட்டர் திரைகள் வைக்கச் சொன்னார். நாலு மாதம் வேலை நடந்தது. கடைசி நாள் தம்பி குழாயில் ரப்பர் டியூபை மாட்டிச் சோதித்தார். எல்லாம் சரியாக வந்தது. டியூபைக் கழற்றிவிட்டு, "மூடிடுங்க அக்கா" என்றார். நான் உறையைக் கையில் எடுத்தேன். அதற்குள் தேவராஜ மார்க்கெட் பக்கத்துக் கடையில் வாங்கிய மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்துவிட்டார். அவர் மனைவிக்கு ஏழு மாதம் நிறைந்திருந்தது. முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினார். உறையை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வாங்கினேன்.

பிறகு டீ, சாப்பாடு, கக்கூஸ் கழுவுவது என்று நேரம் போனது. இரண்டு மணி நேரம் இருக்கும். தம்பி எதிரே வந்தவர் என் பையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க அக்கா, புதுசா வாலு மொளச்சிருக்குது?"

சிவப்பு நாடா வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மாட்டினேன்.

மறுநாள் வாங்குகிற ஆள் வந்து விமானத்தில் உட்கார்ந்தார். உறையைக் கழற்றினேன். தம்பி குழாயைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உள்ளே ஆழத்தில் இருந்த மண் கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் ஓடியது. வேகம் ஏறவில்லை என்று திரை காட்டியதும் பைலட் அழுத்தி நிறுத்தினார். டயரிலிருந்து புகை வந்தது. யாருக்கும் அடியில்லை. வாங்க வந்தவர் இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து, குழாயை யார் திறந்துபோட்டது என்று கேட்டார். அப்புறம் உத்தரத்துக் கூட்டைப் பார்த்தார். அது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. மகளுக்கு நர்சிங் கடைசி வருடம்.

"கூட்டத் தட்டாம உடச் சொன்னது நானுங்க. ஒறைய மறந்ததும் நாந்தான்" என்றார் தம்பி. என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மத்தியானமே டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மேனேஜர் சொன்னபடி அந்தக் கூட்டைத் தட்டினேன். கீழே விழுந்து உடைந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. அதையும் கூட்டித்தான் அள்ளினேன்.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. எட்டாம் மாதத்திலேயே வலி வந்து, குழந்தை தங்கவில்லை. பஸ் ஏறிக் கொள்ளேகால் போனேன். அவர் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் குரலைக் கேட்டுத் திரும்பினாள்.

"அக்கா, அந்தக் கூட்ட ஒடைச்சுப்புட்டாங்களா?"

தம்பி என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. அப்பிடியேதான் இருக்கு. குஞ்சு பறந்து போச்சு, ஓட்டை தெரியுது" என்றேன்.

"அப்ப நாம தப்பு ஒண்ணும் பண்ணலீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நாம ஒண்ணும் பண்ணலே சாமி" என்றார்.

அப்போதுதான் அழுதாள். அதுவரை அவள் அழவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை தம்பி கூட வந்தார்.

"கூடு இல்லீங்களா அக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செரி. நீங்க சொன்னதே இருக்கட்டும்."

"தம்பி, அன்னிக்கு அந்த ஒறை..."

"பஸ்ஸு வந்துருச்சு. ஏறுங்க."

ஏறினேன். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. குளவிக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், குச்சியைத் தூக்கும்போது கை ஒரு நிமிடம் நிற்கிறது. அப்புறம் தட்டிவிடுகிறேன்.

இப்போது ஹேங்கரில் நிற்பது பெரிய விமானம். குழாயும் நாலு. கழற்றிய உறைகளை மறுபடி மாட்டும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பேன். யாராவது டீ நீட்டினால் அப்புறம் என்பேன். பையில் போட்டுக்கொள்ளலாமே என்று புதிதாக வந்த பெண் கேட்டாள்.

என் ஏப்ரனில் பை இல்லை. தைத்து மூடிவிட்டேன்.