அக்காவுக்குப் பேய், எனக்கு டென்ஷன்

"அக்காவோட வருஷ நினைவு மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுது தாயி" என்றார் பெரியப்பா. எழுதிவிட்டேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் காட்டவில்லை.

அக்கா ராசிங்காபுரத்தில் பிறந்தார். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை. போன பிறகு மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. எங்கள் அப்பா இறந்ததும் குடும்பப் பொறுப்பைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அக்கா எட்டாம் வகுப்பு முடித்தபோது, ஒன்பதில் சேர்க்கச் சொல்லி ஆசிரியர் வீடு தேடி வந்தார். "கட்டாயப் படிப்புச் சட்டமே எட்டாப்போட முடிஞ்சிருச்சு சார். இனி எங்க சோலி" என்றார் பெரியப்பா. அவர் வாழ்நாளில் மதித்த ஒரே சட்டம் அதுதான். மறுவாரமே அக்காவை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிவிட்டார். போடிமெட்டு மலையில் ஏலக்காய் பறித்து, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அக்கா.

இருபது வயதில் அக்காவுக்குத் தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் அழுதுகொண்டே இருந்தார். சொந்தபந்தம் கூடிப் பேசி, பேய் என்று முடிவு செய்தது. பேயோட்டும் கோடாங்கி வந்து வேப்பிலையால் அடித்தார். "பேயெல்லாம் இல்ல பெரியப்பா, தூக்கந்தான் வரல. அதுக்கு ஏன் அடிக்கிறீக?" என்று அக்கா கேட்டார். கோடாங்கி அடுத்த கொத்து வேப்பிலையை எடுத்தார்.

சில வருடம் கழித்து எனக்கும் அதே தூக்கமின்மை, அதே அழுகை. "படிச்ச பிள்ளைல்ல, டென்ஷனா இருக்கும்" என்று அதே பெரியப்பா கார் வைத்து மதுரையில் மனநல மருத்துவரிடம் காட்டினார். கூடுதலாகப் படித்த படிப்பு எனக்கு நோய் வராமல் தடுக்கவில்லை. அடி விழாமல் தடுத்தது. அக்காவையும் அழைத்துப் போகலாம் என்றேன். "காட்டு வேலைக்குப் போறவளுக்கு என்னடி டென்ஷன்?" என்று சிரித்தார் அத்தை. நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. சொந்தங்களே, இந்தக் கட்டுரையில் உங்களுக்கு விழும் திட்டில் எனக்கும் பங்கு உண்டு.

போன வருடம் ஒரு காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றார் அக்கா. "பழைய கிறுக்குதான்" என்று சொல்லி, கோடாங்கிக்கு ஆள் அனுப்பினார்கள் நம் பெரியவர்கள். கூடக் காய் பறிக்கும் பெண்கள்தான் விஷயம் தெரிந்து வந்து, சண்டை போட்டு, ஜீப்பில் ஏற்றி போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். "இன்னும் வெரசா கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று நர்ஸ் கேட்டாராம். மதியத்துக்குள் அக்கா போய்விட்டார்.

அந்தப் பெண்களுக்கும் ஜீப் ஓட்டுநர் அண்ணனுக்கும் என் கும்பிடு. வருட நினைவுக்குச் சாப்பிட வந்திருக்கும் சொந்தங்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒருத்தி நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னால், அவள் எத்தனையாவது வரை படித்தவள் என்று பார்க்காதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.