சத்தம் அடங்கும் பக்கம்

என் அக்கா வீட்டுக்காரரை ரயில்வே குடியிருப்பில் எல்லோரும் 'கொரகொர' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். மின்சார ரயில் ஓடும் பாதையை ஒட்டி யார் வீட்டிலாவது ரேடியோ கொரகொரத்தால் புகார் அவரிடம்தான் வரும். அந்த இரைச்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தபிறகுதான் எனக்குத் தெரியும்.

கல்யாணம் பேச முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பெரியவர்கள் தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் காது மட்டும் அலமாரி மேல் பாடிக்கொண்டிருந்த ரேடியோவில் இருந்தது. திடீரென்று எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டியூப்லைட்டின் ஸ்டார்டரைத் திருகினார். கொரகொரப்பு நின்றது. அப்பா என் காதில், "இவர் மாப்பிள்ளையா, கரண்ட்டு வேலைக்கு வந்தவரா?" என்று கேட்டார். நாற்காலி மேல் நின்ற அந்த நேரம் மட்டும்தான் அத்தான் அக்காவைவிட உயரமாக இருந்தார். இறங்கியதும் அரைத்தலை குட்டை. இந்தச் சங்கதியை அவர் மறந்துவிடாதபடி இன்றுவரை நான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அவர் முன்னால் யாராவது வாய்தவறி ஃப்ரீக்வென்ஸி என்று சொல்லிவிட்டால் போச்சு, சாப்பாடு ஆறிவிடும். ரயில் கம்பியில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது என்பார். சில நாடுகளில் பதினாறு சொச்சம்தானாம். அந்தக் காலத்து மோட்டார்கள் ஐம்பதைத் தாங்காமல் பொறி பறக்க விட்டதால் அப்படி வைத்தார்களாம். "ஐம்பது மட்டும் தனியா வந்தா ஒண்ணுமில்ல. இஞ்சினுக்குள்ள போனதும் நூத்தம்பது, இருநூத்தம்பதுன்னு குட்டி போட்டுடும். அப்புறம் குட்டிகளையும் கூட்டிக்கிட்டுதான் கம்பியில வரும்" என்பார். "நீங்க மட்டும் ஒத்தைப் பிள்ளையோட நிறுத்திட்டீங்களே அத்தான்" என்பேன். அக்கா என் தொடையில் கிள்ளுவாள்.

ஒருமுறை நான் அங்கே தங்கியிருந்தபோது அவரோடு வேலைக்குக் கூடப் போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ரயில்வே தன் நிம்மதியைக் கெடுத்துவிட்டதாக வாசலிலேயே குதித்தார். அத்தான் படச்சட்டம் போன்ற ஏரியல் வைத்த தன் ரேடியோ செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பினார்.

"சத்தம் எங்க ஜாஸ்தின்னு தேடுறீங்களா?" என்று கேட்டேன்.

"அப்படித் தேடினா ஏமாந்து போவ. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜாஸ்தி மாதிரியேதான் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினா சத்தம் அடங்குதுன்னு பாக்கணும். அது மட்டும் பொய் சொல்லாது."

சத்தம் அடங்கியபோது ஏரியலின் முகம் தண்டவாளப் பக்கத்துச் சன்னலைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்தது. தண்ணீரைச் சூடாக்கும் கருவிக்குள் ஏதோ பொறி தட்டிக்கொண்டிருந்தது. "உங்க மீனுக்குக் குளிருது சார், அதான் ரேடியோவுல வந்து புலம்புது" என்றார் அத்தான். வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

வயது ஐம்பதைத் தாண்டியதும் அக்காவுக்குக் காது மந்தமானது. அவள் கவலைப்படவில்லை. "உங்க அத்தான் ஃப்ரீக்வென்ஸி பேசுறது பாதிதான் கேக்குது, ஆண்டவன் கண்ணைத் தொறந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள். வெளிநாட்டில் இருக்கும் அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. நேரில் போய்ப் பார்க்க இப்போதைக்கு வழியில்லை. அதுவரை பேத்தி என்பது போனில் வரும் குரல்தான். படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. படம் சிணுங்குமா? ஸ்பீக்கரில் போட்டால் குழந்தை தகர டப்பாவுக்குள் விழுந்துவிட்ட மாதிரி கேட்கிறது என்றாள்.

அதனால் காதுக்கு மெஷின் வாங்கினார்கள். இடது காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டுப் போனை வைத்தால், மெஷினுக்குள் இருக்கும் பொடிக் கம்பிச்சுருள் போனிலிருந்து குரலை நேரே பிடித்துக் காதுக்குள் விடும். வெளியில் உள்ள சத்தம் எதுவும் வராது. வாங்கிய இடத்தில் பேசிப் பார்த்தபோது நன்றாகக் கேட்டது. தண்டவாளத்தை ஒட்டிய தன் வீட்டுக்கு வந்து, மகளிடமிருந்து வந்த போனை ஆசையாக எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க, காதுக்குள்ள ரயில் ஓடுதுங்க. ம்ம்ம்முன்னு ஒரே இரைச்சல்."

அத்தான் உடனே செட்டை எடுத்துவந்தார். கூடம், சமையலறை, படுக்கையறை என்று ஒரு மூலை விடாமல் பார்த்தார். செட்டின் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திப் பார்த்தார். எங்கும் எதுவும் இல்லை. "வீடு சுத்தமா இருக்கு. புது மெஷின்தானே, போகப்போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டார்.

ஊரில் இரைச்சல் என்றால் இவர் சொல்வதுதான் வேதவாக்கு. அக்காவுக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு போன் வந்தால், "நீங்களே பேசுங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று எழுந்துவிடுவாள். நான் போயிருந்த ஒரு நாள் இதைக் கண்ணால் பார்த்தேன். அடுப்பு எரியவே இல்லை. உலர்ந்த துணிகளை மடிப்பதும் உதறுவதும் மறுபடி மடிப்பதுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இப்படி ஒதுங்குற?"

"அவரே சத்தம் எதுவும் இல்லன்னு சொல்லிட்டாரு. அப்போ என் காதுதான் முடிஞ்சு போச்சு. இனிமே அந்தக் குழந்தைகிட்ட நான் என்னத்தைப் பேச? அவ பாட்டிய ஊமைன்னு நினைச்சுக்கட்டும்."

கையோடு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். என் வீடு தண்டவாளத்திலிருந்து வெகுதூரம். மறுநாள் மகள் என் போனில் கூப்பிட்டாள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நானே பொத்தானை அழுத்தி, போனை அவள் காதில் வைத்தேன். அவள் கண் அப்படியே நிலைத்துவிட்டது. "கேக்குதுடி" என்றாள். "அவ குரல் அப்படியே கேக்குது." குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம், அதன் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. ஆனால் முடிந்தது என்று அவள் நினைத்த காது முடியவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவோடு போய் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "ஊரான் வீட்டு மீன் புலம்பினா போய்க் கேப்பீங்க. கட்டின பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டீங்களா? என் வீட்டுல கேக்குற காது உங்க வீட்டுல ஏன் கேக்கல?"

அவர் அக்காவின் காதிலிருந்து மெஷினைக் கழற்றி, பொத்தானை அழுத்தி, தன் காதோடு அணைத்துப் பிடித்தார். வெளியே ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐம்பது" என்றார். "ஐம்பதும் அதோட குட்டிங்களும். என் செட்டு ரேடியோ அலையை மட்டும்தான் பிடிக்கும். இவ்வளவு கீழே இருக்கறது அதுக்கு எட்டவே எட்டாது. நான் செட்டை நம்பினேனே, உன்னை நம்பலையே!" அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தான் அழுது நான் பார்த்ததில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, சரி பண்ணுங்க" என்றேன்.

"எதைச் சரி பண்ண? கம்பியைத் தாங்குற பீங்கான் உடைஞ்சிருந்தா மாத்தலாம். இது கோளாறே இல்லம்மா. கம்பியில கரண்ட்டு போறவரைக்கும் இந்தச் சுருள் அதைப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். இது நிக்கணும்னா ரயில் நிக்கணும்."

அக்கா மெஷினை வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டாள். "விடுங்க. எனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றாள்.

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுருள்" என்று முணுமுணுத்தார். "அதுவும் ஒரு ஏரியல்தானே" என்று எழுந்து, சன்னலோரம் இருந்த சோபாவைத் தண்டவாளம் ஓடும் திசையைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார். அக்காவை அதில் உட்காரவைத்து, அவள் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"இப்போ நீதான் என் செட்டு. எனக்கு ஒண்ணும் கேக்காது. நீ சொல்லு, நான் திருப்புறேன்."

சரக்கு ரயில் ஒன்று வந்தது. சுமை அதிகம் என்பதால் இரைச்சலும் அதிகம். அவர் அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தார். "ஐயோ, கூடுது" என்றாள். வலப்பக்கம் சாய்த்தார். "குறையுது... இன்னும் கொஞ்சம்... ஐயய்யோ தாண்டிட்டீங்க, பின்னாடி வாங்க..." பிறகு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "போச்சு! போச்சுங்க! ஒண்ணுமே இல்ல!" சன்னல் கம்பிகள் அதிர, பெட்டி பெட்டியாகச் சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அக்கா தலையைச் சாய்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கஷ்டம் என்னவென்றால், கழுத்தை அப்படியே எவ்வளவு நேரம் வைத்திருப்பது? கொஞ்ச நேரத்தில் வலித்தது. தலை நகர்ந்தால் இரைச்சல் திரும்ப வந்தது. தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம், சரிந்து விழுந்தன. கடைசியில் அத்தான் அவள் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, "இங்க சாய்ஞ்சு பாரு" என்றார். சாய்ந்தாள். தலை தேவைக்குமேல் கீழே போய்விட்டது.

"குட்டையா இருந்தா இப்படித்தான்" என்றேன்.

"வாயாடி, அந்தத் தலையணையை எடு" என்றார்.

ஒன்று போதவில்லை. இரண்டைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அக்காவின் தலை அவர் தோளில் அவ்வளவு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

போன் வரும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. வந்ததும் அக்கா சாய்ந்து பொத்தானை அழுத்தி, போனைக் காதில் வைத்தாள். "கேக்குதும்மா, சொல்லு" என்றாள். "குழந்தை எங்க? தூங்குறாளா? போனைப் பக்கத்துல கொண்டுபோ... இன்னும் பக்கத்துல." பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள். இன்னொரு ரயில் வந்து, சுவரெல்லாம் அதிர்ந்து, போயும்விட்டது. அத்தானுக்கு அந்தப் போனிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. தோள் மரத்துப்போய், லேசாக அசைந்து கொடுத்தார்.

"ஆடாம இருங்க" என்றாள் அக்கா மெதுவாக. "மூச்சு விடறா. எனக்குக் கேக்குது."