நுரையக்காவும் மில்லுக்காரரின் மாவும்

எதைக் கையில் எடுத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தரம் தேய்த்துப் பார்ப்பாள். மாவு, சோப்புத்தூள், புதுச் சட்டையின் காலர், எதுவும் தப்பாது. “உன்கூடத் துணிக்கடைக்கு வந்தா மானம் போகுதும்மா” என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். செம்பு ஆலையின் நுரைத்தொட்டிகளோடு புழங்கிப் புழங்கி வந்த பழக்கம் அது. தொட்டிக்குள் காற்றை விட்டால் செம்புத் துகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும்; வெறும் கல்தூள் அடியிலேயே கிடக்கும். அந்த நுரையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் ஆலைக்கே அவள் நுரையக்கா.

புருஷன் பக்கத்துக் கொட்டகையில் கல்லை அரைக்கும் மில்லுக்காரர். இருவருக்கும் பகல் ஷிஃப்ட். ஒன்றாக வந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகவே திரும்புவார்கள்.

சுரங்கத்திலிருந்து கறுப்புக் கல்லுக்குப் பதிலாகப் பச்சைக் கல் வரத் தொடங்கியதும் சனி பிடித்தது. நுரை பழுப்பாக, சேற்றுத் தண்ணீர் போல வழிந்தது. செம்பைக் குமிழியோடு ஒட்ட வைக்கும் மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. செம்பெல்லாம் கழிவுக் குட்டைக்குப் போனது.

“மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்மா” என்றார் ஃபோர்மேன். “தேறலைன்னா இந்தத் தொட்டிகளை நிறுத்திட்டு உன்னை மூட்டை கட்டுற பக்கம் போட்டுடுவேன். அங்க ராத்திரி ஷிஃப்ட்தான்.”

அப்புறம் புருஷனை வாசற்படியில்தான் பார்க்க முடியும்.

நுரையை எடுத்துத் தேய்த்தாள். வழவழவென்று களிமண். எங்கிருந்து வருகிறது என்று உடனே புரிந்துவிட்டது. அதுதான் தொல்லையே. கறுப்புக் கல்லை நைசாக அரைத்துப் பேர் வாங்கியவர் அவள் புருஷன். “இந்தக் கல்லு மெத்துன்னு இருக்குடி. அரைச்சா மாவுதான், முகத்துக்கே பூசிக்கலாம்!” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

பேச வாயெடுப்பாள், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, நுரையை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு மில்லுக்கே போனாள்.

“ஏங்க, இதைத் தேச்சுப் பாருங்க.”

“எவ்வளவு நைசு! என் அரவைன்னா சும்மாவா?”

அவள் தட்டில் தண்ணீர் விட்டு அலசி அலசி ஊற்றினாள். சேறு வடிந்ததும் பச்சைத் துகள்கள் பளிச்சென்று தெரிந்தன.

“கல்லுல இருக்கற மண்ணு, நீங்க மாவாக்கின வெத்துக்கல்லு, எல்லாம் செம்பு மேல அப்பிக்குதுங்க. அப்புறம் குமிழி எதைத்தான் பிடிக்கும்? முதல்ல மண்ணை அலசிட்டு, கொஞ்சம் கரகரப்பா அரைச்சுப் பாருங்க.”

அவர் முகம் தொங்கிப்போனது. தட்டிலிருந்த துகளைத் தானும் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “அப்ப இத்தனை நாளா செம்புக்குப் பவுடர் பூசித்தான் அனுப்பிட்டு இருந்தேனா?” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதடி. ஃபோர்மேன்கிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா நல்லா இருக்காது.”

போய்ச் சொன்னார். ஃபோர்மேன் கத்து கத்தென்று கத்திவிட்டு, சரி, செய்து பார் என்றார்.

இப்போது பச்சைக் கல்லை முதலில் அலசி மண்ணைப் போக்கிய பிறகுதான் மில்லில் போடுகிறார்கள். அரவை கொஞ்சம் கரகரப்பு. மழை நாளில் நுரை இன்னமும் பழுப்பாகத்தான் வழிகிறது. மற்ற நாளில் பச்சையாக, கெட்டியாக வருகிறது. யோசனை தன்னுடையது என்று மில்லுக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார், அவளும் மறுப்பதில்லை. இருவருக்கும் பகல் ஷிஃப்ட்தான்.