பினாங்கு போகக் கிளம்பிய ஆதிகேசவன்

அடுகோடியில் ஆதிகேசவனைத் தெரியாதவர்கள் நிறைய உண்டு. அவர் கை வைத்த லிஃப்டில் ஏறாதவர்கள் குறைவு. ஓசூர் ரோடு நெடுக முளைத்த அபார்ட்மென்ட்டுகளில் பாதிக்கு அவர்தான் மெக்கானிக். திருப்பதிக்குப் போனால் பாதி வழியில் கூப்பிடுவார்கள். ஊட்டிக்கு டிக்கெட் எடுத்தால் எங்காவது ஒரு லிஃப்ட் மாடிக்கு நடுவில் நின்றுவிடும். "நீங்க தாலி கட்டினது எனக்கா, லிஃப்டுக்கா?" என்று அவர் மனைவி கோமளம் கேட்பாள். பாவம், அவள் கேட்டதில் தப்பே இல்லை.

கோமளம் தையல் வேலை செய்பவள். பிளவுஸ் தைக்க வந்த ஒருத்தி காட்டிய போட்டோக்களைப் பார்த்ததிலிருந்து பினாங்கு பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரே தெருவில் மாரியம்மன் கோயில், சீனர் கோயில், மசூதி, சர்ச். மலை உச்சிக்கு ரயில். சுற்றிலும் கடல். மூன்று நாள் போதும், இந்த ஜென்மத்துக்கு அது போதும் என்றாள். ஆதிகேசவனும் லீவு வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் விமானம்.

வியாழக்கிழமை மத்தியானம் பொம்மனஹள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய கட்டடம், கையால் இழுத்துத் திறக்கிற கதவுகள். கதவு சரியாகப் பூட்டியிருந்தால்தான் அந்த லிஃப்ட் நகரும். அதைப் பார்த்துக்கொள்ளக் கதவுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. மூன்றாவது மாடி ஸ்விட்ச் செத்துப்போயிருந்தது. பூட்டும் தேய்ந்திருந்தது. புதுசு சென்னையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும்.

லிஃப்டை நிறுத்தி போர்டு மாட்ட வேண்டும். அதுதான் முறை. மாட்டினால் ஐந்தாவது மாடிப் பெரியவர்கள் கத்துவார்கள், செக்ரட்டரி கம்பெனிக்குப் போன் போடுவார், கம்பெனி முதலில் கை வைப்பது இவருடைய லீவில்தான். ஆதிகேசவன் பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து, ஸ்விட்சைத் தாண்டி இரண்டு முனைகளையும் இணைத்தார். இதற்கு ஜம்பர் என்று பெயர். இந்தத் தொழிலில் போடாதவன் இல்லை, வெளியே சொல்கிறவனும் இல்லை. கதவு திறந்திருந்தாலும் இனி லிஃப்ட் ஓடும். யாராவது கதவை இழுத்தால், உள்ளே லிஃப்ட் இல்லாமல் வெறும் குழி இருக்கலாம். நாலு நாள்தானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலம் கோமளம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "முதல் நாள் மலைக்கா, தண்ணிமலை முருகன் கோயிலுக்கா?"

"எதுவானாலும் சரி."

"மழை பேஞ்சா மலையில ஒண்ணும் தெரியாதாம். ரெண்டாம் நாள் வெச்சுக்கலாமா?"

அவர் தட்டில் வைத்த தோசை ஆறிப்போயிருந்தது. கோமளம் துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"என்னாச்சுங்க?"

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவளிடம் தொழில் ரகசியத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது.

"கதவை ஒழுங்கா மூடுற வரைக்கும் ஒண்ணும் ஆகாது கோமளம்."

"ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க ஏன் சாப்பிடல?"

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பொம்மனஹள்ளிக்குக் கிளம்பினார்கள். சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் அசையவில்லை. கட்டடத்து வாட்ச்மேன் கிளெமென்ட்டுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கோமளம் பின்னால் இருந்து ஆதிகேசவனின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கேட்டருகே கிளெமென்ட் சிரித்துக்கொண்டு நின்றான். "என்ன சார், ஃபாரின் போகலையா? போன் சார்ஜ்ல கெடக்கு. லிஃப்ட் சூப்பரா ஓடுது."

லிஃப்ட் கீழேதான் நின்றது. ஆதிகேசவன் மெயினை அணைத்துவிட்டு மூன்றாவது மாடிக்குப் படியேறினார். ஒரு விரலால் கதவை இழுத்தார். திறந்துகொண்டது. கீழே இருட்டுக் குழி, முகத்தில் அடித்த எண்ணெய் வாடை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வயரைப் பிரித்து, கதவைச் சங்கிலி போட்டுக் கட்டி, போர்டை மாட்டினார். செக்ரட்டரி சுனிதா மேடம் கொதித்துப்போனார். "மத்தியானம் ரெடின்னீங்க, இப்போ நிறுத்திட்டீங்களா? பார்ட் வர்ற வரைக்கும் நீங்க ஊர்லயே இருக்கணும், நான் ஆபீசுக்குச் சொல்லியாச்சு." பினாங்கு அத்தோடு முடிந்தது.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது கோமளம் கேட்டாள். "இதே மாதிரி வேற எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

"போட்டா, பார்ட் வந்ததும் எடுத்துடுவேன்."

"எல்லாத்தையுமா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஒக்கலிபுரத்தில் ஒரு லாட்ஜ் ஞாபகம் வந்தது. கோமளத்தின் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரம், லிஃப்டின் தலைமேல் குந்தி உட்கார்ந்து வயரை முறுக்கியது, எல்லாம் தெளிவாக இருந்தது. பிரித்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. சொன்னார்.

"வண்டிய அங்க விடுங்க," என்றாள் கோமளம்.

வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொரு கட்டடம் நினைவுக்கு வந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.